யானையும் வயலும் குப்பைமேடும்

இலங்கையின் கிழக்குக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களின் சரித்திரத்தை எழுதியோர் குடிவழியையும் பள்ளிவாசலையும் வாணிபத்தையும் வயற்காணியையும் பற்றி நிறைய எழுதியுள்ளனர். அவ்வூர்களுக்கு மேற்கே, வயல்வெளிக்கு அப்பால், ஊர்கள் தோன்றுமுன்னரே வாழ்ந்துவந்த ஓர் அயலவரைப் பற்றி எழுதியோர் மிகச் சிலர். அந்த அயலவர் காட்டு யானை. 2022 ஜனவரியில் அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டருகே இரண்டு யானைகள் செத்துக் கிடந்தன. எட்டு ஆண்டுகளில் அங்குப் பிளாஸ்டிக் குப்பையைத் தின்று மாண்ட யானைகளின் தொகை அவற்றோடு ஏறத்தாழ 20 ஆயிற்று. உலகப் பத்திரிகைகள் சில நாட்கள் இதைப் பேசின. பின்பு வேறு செய்திக்குப் போய்விட்டன. பத்திரிகைக்கு அது ஒரு நாளின் செய்தி. நமக்கோ அது ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட சரித்திரம். காட்டின் அதிபதி என்று பாட்டிலும் கதையிலும் பேசப்பட்ட பிராணி எந்தப் பாதையால் நடந்து குப்பைமேட்டுக்கு வந்து சேர்ந்தது என்பதே நமது கேள்வி.

முதலில் நிலத்தின் அமைப்பைக் கருத்திற் கொள்ள வேண்டும். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் கடலோரத்து மணற்பரப்பில் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. எங்கே ஓர் ஊர் முடிந்து மற்றது தொடங்குகிறது என்பதை அயலூரார் அறிவது கடினம். கிழக்கே கடல்; மேற்கே வயல். வீடு கட்ட எஞ்சியிருப்பது இடையிலுள்ள ஒடுங்கிய நிலத்துண்டுதான். மேற்கே வட்டை வட்டையாக வெள்ளாமை நிலம் விரிகிறது. சம்மாந்துறை, இறக்காமம், கொண்டவட்டவான் எனப் பழைய குளங்களின் பெயர்களோடு பிணைந்த நிலம் அது. அதற்கும் மேற்கே காடு. மழைக்காலத்தில் யானை உட்காட்டில் நிற்கும். கோடை முற்றி நீர்நிலைகள் வற்றும்போது ஆற்றோரத்துக்கும் குளத்தோரத்துக்கும் இறங்கும். இந்தப் போக்குவரவு மனிதர் வகுத்ததன்று. மனிதர் தம் வெள்ளாமைக் காலத்தையும் சேனைக் காலத்தையும் இதற்கு ஓரளவு ஒத்தே அமைத்துக்கொண்டிருந்தனர்.

அக்காலத்தில் யானைக்குத் துன்பமே இருக்கவில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. பழமையைப் பொற்காலமாக்கிக் காட்டுவது சரித்திரமாகாது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் யானையைப் பிடித்து இந்தியாவுக்கு விற்றனர். கிழக்கிலங்கையில் அந்தத் தொழிலைக் கைப்பழக்கமாக அறிந்திருந்தோர் ஏறாவூர் முதலிய ஊர்களின் முஸ்லிம் பணிக்கர்களே. மான்தோலோ எருமைத்தோலோ திரித்த வடத்தை மட்டும் ஏந்தி, காலடியைப் பின்தொடர்ந்து, யானையின் பின்னங்காலில் சுருக்கிட்டு மரத்தோடு பிணைக்கும் அவர்களது துணிவை 1859இல் வெளிவந்த தமது நூலில் எமர்சன் டெனன்ட் வியந்து எழுதினார். மட்டக்களப்புப் பக்கத்தில் ஆனைகட்டியவெளி என்னும் ஊர்ப்பெயர் இன்றும் வழங்குகிறது. பணிக்கர் யானையை உயிரோடு விற்றவர். அது செத்தால் அவருக்கு நட்டம். ஆகவே அதன் நடை, உணவு, வெருட்சி, சினம் யாவற்றையும் அவர் நுணுகி அறிந்திருக்க வேண்டியிருந்தது. அந்த அறிவு ஏட்டிலேறாமல் குடும்பங்களுக்குள் இருந்து, தொழில் நின்றதும் தேய்ந்து போயிற்று. நமது பல்கலைக்கழகத்தார் இதில் எஞ்சியதையாவது திரட்டியிருக்கலாம்.

பிரித்தானியர் காலத்தில் நிலைமை அடியோடு மாறியது. யானை விற்பனைப் பொருள் என்ற நிலை போய், ஒழிக்கப்பட வேண்டிய பகைப் பிராணி என்று அரசே அறிவித்தது. கொன்றவருக்குச் சன்மானம் வழங்கப்பட்டது. வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் 3,500 யானைகளுக்கும், 1851க்கும் 1856க்கும் இடையில் தென் மாகாணத்தில் 2,000 யானைகளுக்கும் சன்மானம் பெறப்பட்டதாக டெனன்ட் கணக்குத் தருகிறார். மேஜர் ரோஜர்ஸ் என்னும் ஒரே துரை 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகவும் அவரே எழுதுகிறார். சாமுவேல் பேக்கர் வேட்டையாடிக் களித்த ‘பார்க் நாடு’ ஊவாவுக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட புல்வெளி. கல்லோயா பாயும் பக்கத்து நிலம். இத்துரைமார் தம்மை விவசாயியின் காவலர் என்று சொல்லிக்கொண்டனர். ஆயின் மலைநாட்டுக் காட்டை வெட்டிக் கோப்பித் தோட்டம் போட்டதும், அங்கிருந்த யானைகள் தாழ்நிலத்துக்குத் தள்ளப்பட்டதும் அதே காலத்திலேயே நடந்தன. மலையில் தோட்டத்துரைக்கு இலாபம். சமவெளியில் உழவனின் வயலுக்கு யானை.

ஏகாதிபத்தியம் ஆண்ட தேசங்களில் இது இலங்கைக்கு மட்டும் உரிய கதையன்று. ஆஸ்திரேலியாவின் கோலா என்னும் சிறு மரவாழ் பிராணியை எண்ணிப் பார்க்கலாம். 1927இல் குயின்ஸ்லாந்து அரசு அதை வேட்டையாட அனுமதித்தபோது ஒரே பருவத்தில் பல லட்சம் தோல்கள் சந்தைக்கு வந்தன. வேட்டை பின்னர் நின்றது, காடழிப்பு நிற்கவில்லை. கோலா யூகலிப்டஸ் இலையன்றி வேறொன்றையும் நம்பி வாழ்வதில்லை. மரம் வெட்டப்பட்டால் அது தரையில் இறங்கி அடுத்த மரத்துக்கு நடக்க வேண்டும். வழியில் நாயும் மோட்டார் வண்டியும் காத்திருக்கின்றன. வாழிடம் சுருங்கிய நெருக்கடியில் அதன் உடல் தளர, கிளமிடியா என்னும் நோய் மேலும் கொடிதாகிறது என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். 2022 பெப்ரவரியில் குயின்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலும் தலைநகர்ப் பிரதேசத்திலும் கோலா அழியும் அபாயத்திலுள்ள இனமென அந்நாட்டரசு அறிவித்தது. பள்ளக்காட்டுச் செய்தி உலகத்துக்குத் தெரிந்த அடுத்த மாதம் அது. கோலாவுக்கு ஒரே உணவு. அது கிடைக்காவிட்டால் நலியும். யானையோ புல், பட்டை, இலை, கிழங்கு, நெல், கரும்பு என எதையும் உண்ணவல்லது. அந்தப் பலமே அதைக் குப்பைக்கும் பழக்கிவிட்டது.

இனி 1949ஆம் ஆண்டுக்கு வருவோம். அம்பாறைக் கரையோரத்தின் நவீன சரித்திரத்தில் அதைவிட முக்கியமான ஆண்டு வேறில்லை எனலாம். அவ்வாண்டில் கல்லோயா அபிவிருத்திச் சபை சட்டத்தால் நிறுவப்பட்டது. தமிழர் பட்டிப்பளை ஆறு என்று வழங்கிய கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்து அணை கட்டும் வேலையை அமெரிக்கக் கம்பெனியான மொரிசன் நூட்சன் ஏற்றது. அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்குத் திட்டமே இதற்கு முன்மாதிரி. அதே 1949இல்தான் வனசீவராசிகள் திணைக்களமும் அமைந்தது. காட்டைத் திறப்பதற்கு ஒரு சபை. காட்டு விலங்கைக் காப்பதற்கு ஒரு திணைக்களம். முன்னதன் பணமும் இயந்திரமும் பின்னதனிடம் இருக்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அணை எழுந்தது, சேனநாயக்க சமுத்திரம் நிறைந்தது, ஆற்றோரத்துக் காடும் புல்வெளியும் நீருள் மூழ்கின. அங்கு வாழ்ந்த வேடர் குடிகள் பெயர்க்கப்பட்டன. இடது கரையில் 40 குடியேற்றக் கிராமங்கள் தோன்றின. தொடக்கத்தில் குடியேறிய குடும்பத்துக்கு 4 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டுநிலமும் என்று திட்டம் வகுத்தது. நிலமற்ற ஏழை உழவனுக்கு நிலம் கிடைத்ததை நாம் குறைகூறமாட்டோம். அவன் சிங்களவனாயினும் தமிழனாயினும் முஸ்லிமாயினும் நிலம் கேட்பது அவன் உரிமை. ஆனால் எந்த இனத்தவருக்கு எத்தனை ஏக்கர், மாவட்டத்தின் குடித்தொகை எப்படி மாறும் என்ற அரசியற் கணக்கே இத்திட்டத்தைச் சூழ்ந்து நின்றது. 1956 ஜூனில் கல்லோயாவில் இரத்தம் சிந்தியது. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. மண் எந்த மக்களுக்கு என்ற வாதம் சூடேறிய அந்த ஆண்டுகளில், அம்மண்ணில் கோடைதோறும் நடந்துவந்த யானைக் கூட்டங்களின் வழித்தடம் எங்கே போயிற்று என்று கேட்க எவருக்கும் நேரம் இருக்கவில்லை.

1954இல் சமுத்திரத்தின் நீரேந்து பரப்பைக் காக்கும் நோக்கத்தோடு 25,900 ஹெக்டேர் அளவில் கல்லோயா தேசிய வனம் அமைக்கப்பட்டது. அங்கே தீவுக்குத் தீவு யானைகள் நீந்திச் செல்லும் காட்சியை உல்லாசப் பயணிகள் படகிலேறிப் பார்க்கின்றனர். கண்ணுக்கு இனிய காட்சிதான். எனினும் அத்தீவுகள் மூழ்கிய மேடுகளின் முடிகள் என்பதையும், யானை நீந்துவது முன்பு அது நடந்து போன நிலத்தின் மேல் என்பதையும் அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. தெற்கே பொத்துவிலுக்கு அருகில் லகுகலையில் 1980இல் 1,554 ஹெக்டேரில் இன்னொரு தேசிய வனம் பிரகடனமாயிற்று. குளத்துப் புல்லுக்காகக் கோடையில் யானைகள் திரளும் அவ்விடம் ஒரு கூட்டத்துக்கேனும் ஆண்டு முழுவதும் போதுமானதன்று. யானையின் நாட்டில் இவை இரண்டும் சிறு துண்டுகள். பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வின்படி, இலங்கையில் யானை நடமாடும் நிலத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பங்கு மனிதரும் குடியிருக்கும் நிலமே. சரணாலயத்துள் யானை, ஊருக்குள் மனிதர் என்பது வரைபடத்தில் மட்டும் உள்ள ஏற்பாடு.

வயலிலோ நிலைமை வேறு. கதிர் முற்றும் காலத்தில் வட்டையில் இராக்காவல் காப்பவர் யார்? நிலத்துக்குடைய போடியார் ஊரில் மாடிவீட்டில் உறங்குவார். பரணில் விழித்திருப்பவர் முல்லைக்காரரும் கூலியாளும்தான். அவர்கள் கையில் தீப்பந்தமும் சீனவெடியும், பிற்காலத்தில் அரசு கொடுக்கும் யானைவெடியும் டோர்ச் விளக்கும். கிழக்கிலங்கையின் நாட்டார் கவிகளில் காவற்பரணின் தனிமையும் பிரிவும் பேசப்படுகின்றன. இலக்கியம் கற்போர் அவற்றை அழகுக்காக மட்டும் படித்துவிட்டுப் போகின்றனர். அந்தப் பரணின் அடியில் இருட்டில் நிற்கும் பேருருவம் அதிலுள்ள மனிதனைக் கொன்றால் ஒரு குடும்பம் தெருவில் நிற்கும். 2022இல் இலங்கை முழுவதிலும் 439 யானைகளும் 145 மனிதரும் இந்த மோதலில் மாண்டனர். 2011இல் எடுத்த கணக்கெடுப்பில் நாட்டின் காட்டு யானைகள் 5,879 என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மாண்ட மனிதரில் தோட்ட முதலாளியையோ அமைச்சரையோ காண்பது அரிது. மாண்ட யானைகளில் பல துப்பாக்கிச் சூட்டாலும், வீட்டு மின்சாரத்தைக் கள்ளமாகப் பாய்ச்சிய கம்பியாலும், ‘ஹக்கபட்டாஸ்’ என்னும் வாய்வெடியாலும் செத்தவை. காய்கனிக்குள் மறைத்து வைக்கும் அவ்வெடி யானையின் வாயைச் சிதைத்துவிடும். அது உண்ணவும் குடிக்கவும் முடியாமல் பல நாட்கள் நின்று சாகும். ஏழையின் பயமும் விலங்கின் பசியும் ஒன்றையொன்று இவ்வாறு தின்கின்றன.

போர் ஆண்டுகளில் மேற்குப் புறத்து வயல்கள் பலவற்றுக்கு உழவர் போகமுடியவில்லை. விடப்பட்ட நிலத்தில் பற்றைக்காடு ஏறியது. இளங்காட்டை யானை விரும்பும். 2009க்குப் பின்னர் உறுதியைக் கையிலேந்தித் திரும்பியோர் பலர், தம் காணிக்குள் வனப் பரிபாலனத் திணைக்களத்தின் எல்லைக்கல்லைக் கண்டனர். வேறு சிலர் யானையின் இலத்தியைக் கண்டனர். இருபுறத்துக்கும் நியாயம் உண்டு என்று சொல்லி நழுவுவது எளிது. காட்டின் எல்லையை உழவனிடம் கேளாமல் மேசையில் வரைந்த அதிகார முறைமையே இரு நியாயங்களையும் மோதவிட்டது என்பது நமது துணிபு.

இப்போது குப்பைமேடு. கரையோர ஊர்களின் குடிநெருக்கத்தை மேலே சொன்னோம். 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது நாட்டிலேயே அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் அடைந்த அழிவு சொல்லுந்தரமன்று. மீண்டும் எழுந்த ஊர்களில் கடையும் பொலித்தீனும் பெருகின; குப்பையைக் கொட்ட ஒரு முழ நிலமும் இல்லை. தாழ்ந்த சதுப்பு நிலங்களை நிரப்பிப் பார்த்தனர்; வெள்ளம் திரும்பி வீட்டுக்குள் வந்தது. இந்நிலையில் 2008இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் பள்ளக்காட்டில், காட்டின் ஓரத்தில், கழிவு முகாமைத்துவ நிலையம் ஒன்று அமைந்தது. கல்முனை, காரைதீவு, சம்மாந்துறை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு என முஸ்லிம் ஊர்களும் தமிழூர்களும் இனபேதமின்றி ஒன்றுசேர்ந்த இடம் அந்தக் குப்பைமேடு. அரசியல்வாதிகள் எதிர்பாராத ஐக்கியம்!

குப்பையைப் பிரித்து மறுசுழற்சி செய்வதே திட்டம். நடந்தது கொட்டுவது மட்டும். யானையைத் தடுக்க மின்வேலி இருந்தது. 2014இல் அதன்மேல் மின்னல் விழுந்தது. 2022இல் செய்தியாளர் சென்றபோதும் அது பழுது பார்க்கப்படாமலே கிடந்தது. ஒரு வேலியைச் செப்பனிடாத எட்டு ஆண்டுகளும் அந்த 20 சாவுகளின் எட்டு ஆண்டுகளும் ஒன்றே என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். நாடு முழுவதிலும் வனவிலங்கு வாழும் பகுதிகளில் இத்தகைய 54 குப்பைமேடுகள் இருப்பதாகவும் அவற்றைச் சுற்றி ஏறத்தாழ 300 யானைகள் திரிவதாகவும் அதிகாரிகள் சொல்லினர். அவற்றில் குப்பை மறுசுழற்சி செய்யப்படும் என்று 2017இலேயே அரசு அறிவித்திருந்தது. 2020இல் யாழ்ப்பாணத்துப் புகைப்படக் கலைஞர் தர்மபாலன் திலக்சன் எடுத்த படங்கள், ஒலுவிலை அடுத்த அம்மேட்டில் பொலித்தீனுக்குள் தும்பிக்கை விட்டுத் துழாவும் யானைக் கூட்டத்தை உலகுக்குக் காட்டின.

செத்த யானைகளை அறுத்துப் பார்த்த வனவிலங்கு மருத்துவர் நிஹால் புஷ்பகுமார கண்டவை பொலித்தீன், உணவு சுற்றிய தாள், பிளாஸ்டிக், செரியாத பிற பொருள்கள், தண்ணீர் ஆகியவை மட்டுமே. யானைக்குரிய இயல்பான உணவு எதுவும் குடலில் இருக்கவில்லை. வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தீனி வேண்டும். பழஞ்சோற்றின் மணமும் மீன்குழம்பின் உப்பும் ஒட்டிய பையை அது பையோடு விழுங்குகிறது. பை குடலை அடைக்கிறது. பின் உண்ணவும் குடிக்கவும் இயலாது. தன் பாரத்தைத் தானே தாங்கமாட்டாமல் அது சாய்கிறது. சாய்ந்த யானை எழுவது அரிது. 22 மாதம் கருவில் சுமந்து ஒரு கன்றை ஈனும் இனத்தில் 20 என்பது சிறு தொகையன்று.

காட்டைவிட்டு ஏன் வருகிறது என்று கேட்போருக்கு ஓர் ஆய்வை நினைவூட்டலாம். மனதிலோ உடலிலோ நெருக்கடி நேர்ந்தால் விலங்கின் இரத்தத்தில் சில சுரப்புநீர்கள் மிகுகின்றன. அவற்றின் எச்சத்தை யானையின் இலத்தியிலேயே அளந்தறியலாம். தென்னிந்தியாவில் இராமன் சுகுமாரும் சகாக்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், பயிர்மேயும் யானைகளிடம் காட்டிலுள்ளவற்றைவிட இச்சுரப்பின் அளவு குறைந்திருந்தது. வெடியும் விரட்டலும் உள்ள இடத்தில் கூடுதலாக இருக்கும் என்றே நாம் நினைப்போம். நல்ல தீனி கிடைப்பதே இதற்குக் காரணமாகலாம் என்று அவர்கள் கருதினர். அதாவது காட்டுக்குள் இருக்கும் பசி வெடிச்சத்தத்தைவிடக் கொடியதாக இருக்கக்கூடும். களைச்செடி அடர்ந்து புல் அருகிய காட்டுக்குள் யானையை விரட்டி அடைத்துவிட்டு வேலி போடுவதன் பலனை இதிலிருந்து ஊகிக்கலாம்.

வேலியைப் பற்றியும் ஒரு சொல். அரசு ஆயிரக்கணக்கான மைலுக்கு மின்வேலி போட்டிருக்கிறது. அதில் பெரும்பகுதி திணைக்களங்களின் நிர்வாக எல்லையில் ஓடுவது. வேலியின் இருபுறமும் யானை நிற்கும். இந்நிலையை மாற்ற, ஊரையும் வயலையும் மட்டும் சுற்றி வேலி போட்டு, வயல்வேலியை அறுவடையின்பின் கழற்றிவிடும் முறையைப் பெர்னாண்டோ முதலியோர் முன்வைத்தனர். அவர் தலைமையிலான குழு 2020இல் தேசியத் திட்டமொன்றையும் வரைந்து கொடுத்தது. அதன் சாரம் எளியது: வேலியைக் காப்பவர் அதனால் பயனடையும் உழவரே ஆகவேண்டும். 2023 பெப்ரவரியில் ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் பொருள்கள் சிலவற்றைத் தடைசெய்ய அமைச்சரவை முடிவெடுத்தபோது, யானைகளும் மான்களும் மாண்ட செய்தி அதற்குப் பின்னணியாக இருந்தது. தடை நல்லதே. கொட்டிய குப்பை கொட்டியபடியே கிடக்கும் என்பதும் உண்மை.

அம்பாறைக் கரையோரத்தில் இவ்வேலைக்குப் புதிய அமைப்பொன்றைத் தேட வேண்டியதில்லை. ஒவ்வொரு கண்டத்திலும் உழவர் கூடி வட்டவிதானையைத் தெரிவுசெய்து, வாய்க்கால் வெட்டவும் நீர் பகிரவும் விதைப்புத் தேதி குறிக்கவும் ஒழுங்கு செய்யும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. நீருக்குக் கூடிய கூட்டம் வேலிக்கும் கூடலாம். கம்பிக்கும் மின்கலத்துக்கும் ஆகும் செலவில் போடியாரின் பங்கு ஏக்கர்க் கணக்கில் இருக்கட்டும். இராக்காவலின் கூலியையும் அதிலேயே எழுதட்டும். அறுவடை முடிந்ததும் கம்பியைச் சுருட்டி வைத்துவிட்டு அரிதாளை யானைக்கு விட்டுவிடலாம். அரிதாளுக்கு மாட்டுப் பட்டிக்காரரும் உரிமை கேட்பர். அவர்களையும் அதே கூட்டத்துக்கு அழைத்துப் பேசியாக வேண்டும்.